கற்பித்தல் பயிற்சி வகுப்புக்குப் பிறகு வரும் கருத்துகளை என்ன செய்வது? பி.எட். மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பி.எட். படிப்பு இரண்டு ஆண்டாக மாறியபோது, பள்ளியில் இருக்க வேண்டிய காலமும் கூடியது. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014 விதிமுறைப்படி மொத்தம் 20 வாரம்: முதல் ஆண்டில் 4, இரண்டாம் ஆண்டில் 16. இந்த வாரங்களில் நீங்கள் எடுக்கும் வகுப்பைக் கல்லூரியிலிருந்து வரும் பேராசிரியர் பார்ப்பார். பள்ளியின் வழிகாட்டி ஆசிரியர் பார்ப்பார். கூடப் படிக்கிறவர்கள் கடைசி பென்ச்சில் உட்கார்ந்து பார்ப்பார்கள். எல்லாரும் ஏதாவது சொல்வார்கள். அப்படிச் சொன்னதை வைத்துக்கொண்டு அடுத்து என்ன செய்வது என்பதை மட்டும் பெரும்பாலும் யாரும் சொல்லித் தருவதில்லை.

நான் அரசுப் பள்ளியில் கணக்கு ஆசிரியர். பயிற்சிக்கு வருகிறவர்களின் வகுப்புகளைப் பார்த்துக் கருத்து சொல்வதும் என் வேலையில் ஒரு பகுதி. அவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பில் இருப்பவர்களுக்கும் இவை பொருந்தும்.

வகுப்பு முடிந்ததும் முதலில் என்ன செய்ய வேண்டும்?

மற்றவர்கள் பேசுவதற்கு முன் நீங்கள் எழுதிவிடுங்கள். ஐந்து நிமிடம் போதும். "நன்றாகப் போனது", "சொதப்பிவிட்டது" என்று தீர்ப்பு எழுத வேண்டாம், நடந்ததை எழுதுங்கள். எந்த இடத்தில் வகுப்பு சட்டென்று அமைதியானது? எந்தக் கேள்விக்கு ஒருவரும் வாய் திறக்கவில்லை? பாடக்குறிப்பில் இருந்தும் எடுக்காமல் விட்டது எது? எதிர்பார்க்காத பதில் ஒன்றை யாராவது சொன்னார்களா, சொன்னால் அது என்ன பதில்? மேற்பார்வையாளர் பேச ஆரம்பித்துவிட்டால் உங்கள் ஞாபகம் முழுக்க அவர் சொன்னதைச் சுற்றியே போய்விடும். நீங்கள் மட்டும் பார்த்த விஷயங்கள் பாதி மறந்துவிடும்.

முடிந்தால் இன்னொன்றும் செய்யுங்கள். மணி அடிக்க மூன்று நிமிடம் இருக்கும்போது ஒரே ஒரு கேள்வி கொடுத்து, துண்டுத்தாளில் பதில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பெயர்கூட வேண்டாம். யார் என்ன கருத்து சொன்னாலும் அதைச் சரிபார்க்க அந்தத் தாள்கள் உங்கள் கையில் இருக்கும். இந்தப் பக்கத்தில் பல இடங்களில் நான் அந்தத் தாள்களுக்கே திரும்பி வருவேன், ஏனென்றால் கருத்து உங்களைப் பற்றியது போலத்தான் காதில் விழும். அதைப் பிள்ளைகளைப் பற்றியதாக மாற்றிக்கொண்டால்தான் அதனால் ஏதாவது பயன் உண்டு.

கருத்து சொல்லும்போது எப்படிக் கேட்டுக்கொள்வது? பதில் சொல்லலாமா?

தாராளமாகச் சொல்லலாம், ஆனால் முதலில் முழுக்கக் கேளுங்கள். அவர்கள் சொல்லும் வார்த்தைகளை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் வார்த்தையில் மாற்றி எழுதும்போதே கோபமோ வருத்தமோ அதில் கலந்துவிடும். "விளக்கம் கொஞ்சம் வேகம்" என்று அவர் சொன்னது, சாயங்காலம் நீங்கள் எடுத்துப் படிக்கும்போது "எனக்கு விளக்கவே தெரியவில்லை" என்று மாறியிருக்கும்.

அப்புறம் ஒரு கேள்வி கேளுங்கள்: "சார், எந்த இடத்துல அப்படித் தோணுச்சு?" இதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். "வேகம்" என்று பொதுவாகச் சொன்னவர், "அந்த இரண்டாவது கணக்குல மூணாவது வரியிலிருந்து அஞ்சாவது வரிக்குத் தாவிட்டீங்க" என்று இடத்தைக் காட்டுவார். மூன்றாவது வரியை நாளைக்கே சரிசெய்யலாம். வெறும் "வேகம்" என்பதை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்?

"மேடம், டைம் இல்ல", "இந்த கிளாஸ் எப்பவுமே இப்படித்தான்" என்ற பதில்கள் உண்மையாகவே இருக்கலாம். அவற்றை அடுத்த நாள் சொல்லிக்கொள்ளலாம். அந்த நிமிடத்தில் சொன்னால் எதிரில் இருப்பவர் பேச்சை நிறுத்திவிடுவார், உங்களுக்கு வர வேண்டியது வராமல் போகும்.

கருத்தைக் கேட்டதிலிருந்து மனசு சரியில்லை. நாளைக்கு லீவு போடட்டுமா?

வேண்டாம். இன்டர்ன்ஷிப்புக்கு 90 விழுக்காடு வருகை வேண்டும் என்ற விதி ஒருபக்கம் இருக்கட்டும். முதல் வகுப்பு சரியாக வராத பிறகு இடைவெளி விட்டால் இரண்டாவது வகுப்பு இன்னும் பெரிய மலையாகத் தெரியும். அடுத்த நாளே, சின்னதாக ஒரு பகுதியை மட்டுமாவது எடுங்கள்.

மனசு சரியில்லாமல் போவது உங்கள் பலவீனம் என்று நினைத்துவிடாதீர்கள். 1996ஆம் ஆண்டு க்ளூகர், டெனிசி என்ற இரண்டு உளவியலாளர்கள், கருத்து சொல்வதால் ஒருவரின் செயல்திறன் கூடுகிறதா என்று அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். சராசரியாகப் பயன் இருந்தது. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான முடிவுகளில், கருத்து கேட்ட பிறகு செயல்திறன் குறைந்திருந்தது. அவர்கள் தந்த விளக்கம் நமக்கு நேரடியாகப் பொருந்துகிறது: கவனம் செய்யும் வேலையை விட்டு "நான் எப்படிப்பட்டவன்" என்ற பக்கம் திரும்பும்போது கருத்தின் பலன் குறைகிறது.

பாராட்டுக்கும் இது பொருந்தும். "நீ பிறவி ஆசிரியர்மா" என்று யாராவது சொன்னால் அன்றைக்குச் சந்தோஷமாக இருக்கும், நாளைய பாடத்தில் எதை மாற்றுவது என்று அதில் ஒன்றும் இல்லை. ஆகவே கருத்து வந்ததும், நல்லதோ கெட்டதோ, "இதனால் எந்தப் பிள்ளைக்கு என்ன ஆனது?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். வருத்தம் உடனே போய்விடாது. ஆனால் கையில் செய்ய ஒரு வேலை இருக்கும்.

பேராசிரியர் ரெக்கார்டில் "குட்" என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார். இதை வைத்து என்ன சிந்திப்பது?

ஒரே நாளில் மூன்று பள்ளிகளுக்குப் போய்ப் பார்க்கிற பேராசிரியர் இருக்கிறார். அவருக்கு அவ்வளவுதான் நேரம். அதற்காக உங்கள் வகுப்பு வீணாக வேண்டாம். அன்றைக்கு முழுக்க உங்களைப் பார்த்தவர் பள்ளியின் வழிகாட்டி ஆசிரியர். அவரிடம் போய் "எப்படி இருந்தது டீச்சர்?" என்று கேட்டால் "நல்லாதான் இருந்தது" என்றுதான் வரும். வகுப்புக்கு முன்பே, "டீச்சர், இன்னைக்கு நான் கேக்குற கேள்விகளை மட்டும் பார்த்துச் சொல்றீங்களா?" என்று குறிப்பாக ஒன்றைக் கேட்டு வையுங்கள். பார்க்க ஒன்றைக் கொடுத்தால் பார்ப்பார்கள்.

"பிள்ளைகளுக்குப் போய்ச் சேரவில்லை" என்கிறார்கள். ஆனால் நான் கேட்டபோது எல்லாரும் "புரிஞ்சுது" என்றார்களே?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்ல வேண்டும். பயிற்சி காலத்தில் கற்றுக்கொள்ள வேண்டியவற்றில் இதை முதலாவதாக வைப்பேன்.

ஏழாம் வகுப்பு, தசம எண்களை ஒப்பிடுதல். பயிற்சி ஆசிரியை இடமதிப்பு அட்டவணையைச் சார்ட்டில் அழகாக எழுதி வந்திருந்தார். புள்ளிக்கு அடுத்து பத்தில் ஒன்று, அதற்கு அடுத்து நூறில் ஒன்று, பத்தில் ஒன்று நூறில் ஒன்றைவிடப் பெரியது என்று நிதானமாக விளக்கினார். "புரிஞ்சுதா?" "புரிஞ்சுது டீச்சர்!" வகுப்பே ஒரே குரலில் சொன்னது. கடைசியில் 0.5, 0.25 இரண்டில் எது பெரியது என்று துண்டுத்தாளில் எழுதச் சொன்னார். பாதிப் பேருக்கு மேல் 0.25 என்று எழுதியிருந்தார்கள்.

அன்று மாலை அவர் சிந்தனைக் குறிப்பில் எழுதிய முதல் வரி: "அடுத்த முறை இன்னும் தெளிவாக விளக்குவேன்." இந்த வரியை நான் நிறையக் குறிப்பேடுகளில் பார்க்கிறேன். இதில் பிள்ளை இல்லை. என்ன நினைத்து 0.25 என்று எழுதினார்கள் என்று தெரியாமல் எதைத் தெளிவாக்குவது?

தாள்களைப் பரப்பி வைத்துப் பேசினோம். 0.25 என்று எழுதியவர்கள் புள்ளியைக் கண்டுகொள்ளாமல் 25, 5 என்று முழு எண்களாகப் பார்த்திருக்கிறார்கள். அது எளிதில் தெரிந்தது. அடுத்த நாள் அதே வகுப்பில் இன்னொரு ஜோடி கொடுக்கச் சொன்னேன்: 0.4, 0.62. இப்போது வேறொரு கூட்டம் தவறாக எழுதியது. முதல் நாள் 0.5 என்று சரியாக எழுதியவர்களில் சிலர் இன்று 0.4தான் பெரியது என்றார்கள். ஏன் என்று ஒரு பெண்ணிடம் கேட்டோம். "பத்துல ஒண்ணு பெரிசு, நூறுல ஒண்ணு சின்னதுன்னு நீங்கதானே டீச்சர் சொன்னீங்க. இது பத்துல வருது, அது நூறுல வருது" என்றாள்.

அந்தப் பெண் பாடத்தைக் கவனமாகக் கேட்டவள். கேட்டதை எண்ணின் நீளத்தோடு சேர்த்துவிட்டாள்: இலக்கம் குறைவாக இருந்தால் எண் பெரியது. முதல் நாள் அவளுக்குச் சரியான விடை வந்ததே இந்தத் தவறான காரணத்தால்தான். அந்த ஒரு கேள்வியோடு நிறுத்தியிருந்தால் "இவளுக்குப் புரிந்துவிட்டது" என்று நாங்கள் போயிருப்போம்.

அடுத்த பிரிவுக்கு அந்த ஆசிரியை பாடத்தையே மாற்றினார். சார்ட்டைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு மீட்டர் அளவுகோலோடு தொடங்கினார். 0.4 மீட்டர் எங்கே வரும், விரலை வை. 40 சென்டிமீட்டர். 0.62 மீட்டர்? 62. இப்போது 0.5, 0.25. விரல் இருக்கிற இடமே விடையைச் சொல்லிவிட்டது. 0.5ஐ 0.50 என்று எழுதிக்கொள்ளும் வழியை அவர் அதற்குப் பிறகுதான் காட்டினார். முதலிலேயே காட்டியிருந்தால் 50, 25 என்று மறுபடியும் முழு எண்களாகப் பார்த்துச் சரியான விடையை எழுதியிருப்பார்கள், உள்ளே இருக்கும் குழப்பம் வெளியே தெரிந்திருக்காது.

ஆக, "போய்ச் சேரவில்லை" என்று யாராவது சொன்னால், பிள்ளைகள் எழுதியதை எடுத்து வைத்துப் பாருங்கள். ஒரே மாதிரியான தவறுகளை ஒன்றாக அடுக்குங்கள். ஒவ்வொரு அடுக்கிலிருந்தும் ஒரு பிள்ளையிடம் "இதை எப்படிப் போட்ட, சொல்லு" என்று கேளுங்கள். சரியாக எழுதியவர்களிலும் ஒருவரிடம் கேளுங்கள். மற்றபடி "புரிஞ்சுதா?" என்ற கேள்வியை விட்டுவிடலாம், பிள்ளைகள் மரியாதைக்குத்தான் ஆமாம் என்கிறார்கள்.

"கேள்வி கேட்டுவிட்டு நீங்களே பதில் சொல்கிறீர்கள்" என்ற கருத்து வந்தது. மௌனமாக நிற்கப் பயமாக இருக்கிறது.

புதிதாக நிற்கிறவர்களுக்கு வகுப்பில் இரண்டு நொடி அமைதி இரண்டு நிமிடம் போல இருக்கும். அமெரிக்காவில் மேரி பட் ரோ என்பவர் அறிவியல் வகுப்புகளின் ஒலிப்பதிவுகளை வைத்து 1970களில் இதை அளந்து எழுதினார். கேள்வி கேட்ட பிறகு ஆசிரியர்கள் காத்திருந்தது சராசரியாக ஒரு நொடி. அதை மூன்று நொடிக்கு மேல் நீட்டியபோது பதில்கள் நீளமாயின, பதில் சொல்லாமல் போவது குறைந்தது, தானாக முன்வந்து பேசும் பிள்ளைகள் கூடினார்கள். பதில் வந்த பிறகு உடனே "வெரி குட்" சொல்லாமல் இன்னும் சற்றுக் காத்திருப்பதும் அவர் ஆய்வில் உண்டு. அதைத்தான் நம்மில் பலர் மறந்துவிடுகிறோம். முதல் பதிலுக்கே "சரி" என்றால் மற்றவர்கள் யோசிப்பதை நிறுத்திவிடுவார்கள்.

செய்து பார்க்க ஒரு வழி: கேள்வி கேட்டதும் மனதுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுங்கள். அதுவரை பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டாம். பெயரை முதலில் சொல்லிக் கேள்வியைப் பின்னால் கேட்டால், மற்ற 39 பேருக்கும் அந்தக் கேள்வி இல்லை என்று அர்த்தமாகிவிடும்.

நான்தான் அதிகம் பேசினேனாம். எவ்வளவு பேசினேன் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பி.எட். பாடத்தில் ஃபிளாண்டர்ஸ் இடைவினைப் பகுப்பாய்வு படித்திருப்பீர்கள். பத்து வகைகள், ஏழு ஆசிரியர் பேச்சு, இரண்டு மாணவர் பேச்சு, ஒன்று அமைதி அல்லது குழப்பம். மூன்று நொடிக்கு ஒருமுறை என்ன நடக்கிறது என்று குறிக்க வேண்டும். தேர்வுக்காக மனப்பாடம் செய்துவிட்டு விட்டுவிடுகிறோம், உண்மையில் அது கையில் எடுத்துப் பயன்படுத்த வேண்டிய கருவி.

பத்து வகையும் வேண்டாம். கூடப் படிக்கும் ஒருவரைப் பத்து நிமிடம் மட்டும் மூன்று நொடிக்கு ஒரு குறி போடச் சொல்லுங்கள்: ஆசிரியர், மாணவர், அமைதி. மொத்தம் 200 குறிகள் வரும். அதில் மாணவர் பக்கம் விழுந்தவற்றில், எல்லாரும் சேர்ந்து கத்திய பதில் எத்தனை, ஒரு பிள்ளை தனியாகப் பேசியது எத்தனை என்று பிரித்துப் பாருங்கள். இந்த இரண்டாவது எண்ணிக்கை பெரும்பாலும் கவலைப்பட வைக்கும்.

"கிளாஸ் கன்ட்ரோல் இல்லை" என்று எழுதிவிட்டார்கள். என்ன செய்வது?

எல்லாருடைய ரெக்கார்டிலும் ஒருமுறையாவது வருகிற வரி. இதற்கும் இடத்தைத் தேடுங்கள்: சத்தம் எப்போது ஆரம்பித்தது? நான் பார்த்தவரை மூன்று நேரங்களில்தான் ஆரம்பிக்கிறது. நீங்கள் திரும்பி நின்று கரும்பலகையில் நீளமாக எழுதும்போது. தாளையோ பொருளையோ வரிசையாகக் கொடுத்துக்கொண்டு வரும்போது. வேகமாக முடித்துவிட்ட பிள்ளைகளுக்கு அடுத்து வேலை இல்லாதபோது. மூன்றிலும் பிள்ளைகள் சும்மா இருக்கிறார்கள், அவ்வளவுதான். கணக்கை முன்னதாகவே பலகையில் எழுதி வைப்பது, தாள் கொடுக்க ஒவ்வொரு வரிசையிலும் ஒருவரை வைப்பது, முடித்தவர்களுக்கு என்று இன்னொரு கணக்கை ஓரத்தில் எழுதி வைப்பது ஆகியவை குரலை உயர்த்துவதைவிட நன்றாக வேலை செய்யும்.

பெயர்கள் முக்கியம். முதல் வாரத்திலேயே உட்காரும் வரிசைப்படி ஒரு வரைபடம் போட்டுப் பெயர்களை எழுதிக்கொள்ளுங்கள். "ஏய், நீல பேனா" என்று கூப்பிடுகிற வகுப்பும் "கவிதா, நீ சொல்லு" என்று கூப்பிடுகிற வகுப்பும் வேறு வேறு.

"ரெண்டு போடு போட்டா சரியாயிடும்" என்று யாராவது அறிவுரை சொன்னால் அதை எடுத்துக்கொள்ளாதீர்கள். கல்வி உரிமைச் சட்டம் 2009இன் 17ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் நான் இதையேதான் சொல்வேன்.

கரும்பலகை பற்றி?

வகுப்பு முடிந்ததும் அழிப்பதற்கு முன் பின் பென்ச்சுக்குப் போய் உட்கார்ந்து பாருங்கள். மற்றவர் சொல்ல வேண்டிய கருத்தில் பெரும்பகுதியை நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள்.

கல்லூரியில் ஒன்று சொல்கிறார்கள், பள்ளியில் வேறு சொல்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது?

பேராசிரியருக்குத் தொடக்கம், ஊக்குவித்தல், துணைக்கருவி, மதிப்பீடு எல்லாம் பாடக்குறிப்பில் இருக்கிறபடி வகுப்பில் தெரிய வேண்டும். பள்ளி ஆசிரியருக்குத் தேர்வுக்குள் போர்ஷன் முடிய வேண்டும். "சார்ட்டெல்லாம் அப்புறம், முதல்ல ஹோம்வொர்க் நோட்டைப் பாரும்மா" என்பார். இரண்டு பேரும் தங்கள் இடத்திலிருந்து நியாயமாகத்தான் பேசுகிறார்கள்.

நடுவில் நிற்கும் உங்களுக்கு என் யோசனை: இரண்டு கருத்தையும் ஒரே கேள்வியில் கொண்டுவந்து நிறுத்துங்கள். அந்தப் பாடத்தின் இறுதியில் பிள்ளை எதைத் தானாகச் செய்ய வேண்டும்? அதற்குத் துணைக்கருவி உதவினால் வைத்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன பாடத்தில் மீட்டர் அளவுகோல் உதவியது, சார்ட் அவ்வளவாக உதவவில்லை. கல்லூரி கேட்டதும் துணைக்கருவிதான், பள்ளி கேட்டதும் நேரத்துக்குள் முடிவதுதான், இரண்டும் நடந்தன. எங்கே உண்மையிலேயே மோதுகிறதோ அங்கே பேராசிரியர் வரும் நாளில் அவர் சொன்ன வடிவத்தில் எடுங்கள். மற்ற நாட்களில் வகுப்பு வழிகாட்டி ஆசிரியருடையது, அவர் பொறுப்பில் இருக்கும் பிள்ளைகள் அவர்கள்.

நண்பர்கள் சொல்லும் கருத்தை நம்பலாமா? எல்லாரும் "சூப்பர்" என்றுதான் எழுதுகிறார்கள்.

இன்று நீங்கள் எழுதுவது, நாளை அவர் உங்களுக்கு எழுதுவது என்ற கணக்கு உள்ளே இருக்கிறது. அதைக் குறை சொல்லிப் பயனில்லை. பார்க்கும் வேலையை மாற்றுங்கள்.

ஜப்பானில் பள்ளி ஆசிரியர்கள் சேர்ந்து செய்யும் பாட ஆய்வு முறை ஒன்று உண்டு. ஜுக்யோ கென்க்யூ என்று பெயர். பல ஆசிரியர்கள் சேர்ந்து ஒரு பாடத்தைத் திட்டமிடுவார்கள், ஒருவர் எடுப்பார், மற்றவர்கள் பார்ப்பார்கள். அவர்கள் பார்ப்பது முக்கியமாகப் பிள்ளைகளை. எந்த மாணவர் எந்த இடத்தில் தயங்கினார், நோட்டில் என்ன எழுதி அழித்தார் என்று குறித்து வைத்துப் பிறகு பேசுவார்கள். பாடம் எல்லாருடையதும் என்பதால் எடுத்தவர் தனியாகக் குற்றவாளிக் கூண்டில் நிற்பதில்லை.

உங்கள் நண்பரிடம் "என்னைப் பார்க்காதே, மூன்றாவது பென்ச்சில் இருக்கும் அந்த மூன்று பேரை மட்டும் 40 நிமிடமும் பார்" என்று சொல்லிப் பாருங்கள். "சூப்பர்" என்று எழுத அவருக்கு இடமே இருக்காது.

பிள்ளைகளிடமே கருத்து கேட்கலாமா?

கேட்கலாம், ஆனால் "டீச்சர் எப்படி எடுத்தேன்?" என்று கேட்காதீர்கள். பிள்ளைகள் அன்பானவர்கள், நல்லபடியாகத்தான் சொல்வார்கள். "இன்னைக்கு எந்த இடம் குழப்பமா இருந்தது? அந்த வரியை மட்டும் எழுதுங்க" என்று கேளுங்கள். வழிகாட்டி ஆசிரியரிடம் முன்பே சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

வகுப்பை ஃபோனில் பதிவு செய்து பார்க்கலாமா?

தலைமையாசிரியர் அனுமதி இல்லாமல் கூடாது. அனுமதி கிடைத்தாலும் ஒலிப்பதிவே போதும். பிள்ளைகளின் முகம் பதிவாக வேண்டியதில்லை. கேட்டுவிட்டு அழித்துவிடுங்கள், எந்தக் குழுவிலும் பகிராதீர்கள். முழுவதையும் கேட்க உட்கார்ந்தால் சலிப்பாகிவிடும். நீங்கள் கேட்ட முதல் ஐந்து கேள்விகளையும் வந்த பதில்களையும் மட்டும் எழுதிப் பாருங்கள்.

ஒரே வகுப்பில் எட்டுக் குறை சொன்னார்கள். எல்லாவற்றையும் எப்படிச் சரிசெய்வது?

முடியாது, முயற்சி செய்யவும் வேண்டாம். ஒன்றை எடுங்கள், அதிகம் போனால் இரண்டு. பிள்ளைகள் கற்பதை எது அதிகம் தடுத்ததோ அது முதலில். "சேலை நிறம்", "கையை அதிகம் ஆட்டுகிறீர்கள்" போன்றவை கடைசியில் இருக்கட்டும்.

ஒரு திறனை மட்டும் சில நிமிடப் பாடத்தில் பழகும் நுண்நிலைக் கற்பித்தலில் இதே பாடம் இருக்கிறது, நாம்தான் கவனிப்பதில்லை. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் டுவைட் ஆலனும் அவருடன் இருந்தவர்களும் உருவாக்கிய முறை அது. இந்தியாவில் நாம் பின்பற்றும் வடிவத்தில் ஒரு சுழற்சி 36 நிமிடம்: கற்பிக்க 6, கருத்துக்கு 6, மறுபடி திட்டமிட 12, மறுபடி கற்பிக்க 6, மறுபடி கருத்துக்கு 6. ஒரே ஒரு திறனை எடுத்துக்கொள்கிறோம். எல்லாவற்றிலும் நீளமானது மறுதிட்டமிடல், மற்றவற்றைப் போல இரண்டு மடங்கு. கல்லூரியில் செய்யும்போது அவசரத்தில் அந்த 12 நிமிடத்தைத்தான் முதலில் வெட்டுகிறோம். பள்ளிக்கு வந்த பிறகாவது அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். ஏழாம் வகுப்புக்கு இரண்டு பிரிவு இருந்தால், அதே பாடத்தை அடுத்த பிரிவில் மாற்றி எடுக்க அனுமதி கேளுங்கள். ஒரே பாடத்தை இரண்டாவது முறை எடுக்கும் வாய்ப்பு பயிற்சியில் கிடைப்பதிலேயே பெரியது.

சிந்தனைக் குறிப்பேட்டில் எப்படி எழுதுவது? கிப்ஸ் சுழற்சியின்படிதான் எழுத வேண்டுமா?

உங்கள் கல்லூரி கேட்டால் எழுதுங்கள். 1988இல் கிரஹாம் கிப்ஸ் சொன்ன ஆறு படிகள்: என்ன நடந்தது, என்ன உணர்ந்தேன், எது நன்றாக இருந்தது எது இல்லை, ஏன் அப்படி ஆனது, என்ன முடிவுக்கு வருகிறேன், அடுத்து என்ன செய்வேன். நல்ல ஏற்பாடுதான். சிக்கல் என்னவென்றால், முதல் இரண்டு படியிலேயே பக்கம் நிரம்பிவிடுகிறது. "ஏன்" என்ற நான்காவது படிக்கு ஒரு வரிதான் மிஞ்சுகிறது. நான் அந்த வரியைத்தான் முதலில் தேடிப் படிப்பேன்.

இரண்டு குறிப்புகளைப் பாருங்கள். முதலாவது: "மாணவர்கள் சரியாகக் கவனிக்கவில்லை. இனி அவர்களின் கவனத்தை ஈர்க்கும் வகையில் கற்பிப்பேன்." இரண்டாவது: "இரண்டாவது எடுத்துக்காட்டை எழுதப் பலகை பக்கம் திரும்பியதும் பின் பென்ச்சுகள் இரண்டும் பேசத் தொடங்கின. எழுதி முடிக்க ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனது, அதுவரை அவர்களுக்குச் செய்ய எதுவும் இல்லை. நாளை கணக்கை முன்பே எழுதிவிட்டு, விடை 1ஐவிடப் பெரிதாக வருமா சிறிதாக வருமா என்று முதலில் நோட்டில் எழுதச் சொல்வேன்." இரண்டாவதில் இருப்பது மூன்றே வாக்கியம். ஆனால் நாளை மாலை அதை எடுத்து, நடந்ததா இல்லையா என்று பார்த்துவிடலாம்.

குறைகளை உண்மையாக எழுதினால் மதிப்பெண் குறையாதா?

இந்தப் பயம் எல்லாருக்கும் இருக்கிறது, நியாயமானதுதான். குறையை மட்டும் எழுதிவிட்டு நிறுத்தினால் படிக்கிறவருக்கு அது குறையாகவே தெரியும். குறை, அதற்கான காரணம், மறுநாள் செய்த மாற்றம், பிள்ளைகளின் பதிலில் தெரிந்த வித்தியாசம் என நான்கும் இருந்தால் அதுவே உங்கள் பலம். செய்முறைத் தேர்வில் கேள்வி கேட்கும்போது அந்தத் துண்டுத்தாள்களை எடுத்துக் காட்டிப் பேசுங்கள். ரெக்கார்டு முழுக்க "மாணவர்கள் ஆர்வத்துடன் கற்றனர்" என்று ஒரே வரி இருந்தால் அதை யாரும் நம்பப் போவதில்லை.

பிள்ளைகள் முன்னாலேயே என்னைத் திருத்துகிறார்கள். அவமானமாக இருக்கிறது.

பாடத்தில் உண்மைப் பிழை என்றால் அங்கேயே திருத்துவதுதான் சரி. பிள்ளைகள் தவறாக எழுதிக்கொண்டு வீட்டுக்குப் போகக் கூடாது. "நன்றி சார், எல்லாரும் அந்த வரியை மாத்திக்கோங்க" என்று சொல்லிவிட்டுத் தொடருங்கள். மற்ற விஷயங்களைப் பிள்ளைகள் முன்னால் சொல்வது கருத்து சொல்கிறவர் தவிர்க்க வேண்டிய தவறு. வகுப்பு முடிந்து, அவர் ஓய்வாக இருக்கும்போது, "மேடம், நீங்க சொல்றது எனக்கு ரொம்ப உதவுது. வகுப்பு முடிஞ்சதும் ஸ்டாஃப் ரூம்ல சொன்னீங்கன்னா எழுதி வச்சுக்குவேன்" என்று கேளுங்கள். பலர் யோசிக்காமல்தான் செய்கிறார்கள், கேட்டால் மாற்றிக்கொள்வார்கள். மாறவில்லை என்றால் கல்லூரியின் பயிற்சிப் பொறுப்பாளரிடம் சொல்லுங்கள்.

வேலையில் சேர்ந்த பிறகு யார் கருத்து சொல்வார்கள்?

ஆய்வுக்கு வரும் அதிகாரிகள் சொல்வார்கள், ஆனால் அது எப்போதாவதுதான். பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டங்களில் பாடம் பற்றிப் பேச வாய்ப்பு உண்டு. தினசரிக்கு, பக்கத்து வகுப்பு ஆசிரியர் ஒருவரைப் பிடித்துக்கொள்ளுங்கள். மாதம் ஒரு பீரியட் அவர் உங்கள் வகுப்பில், ஒரு பீரியட் நீங்கள் அவர் வகுப்பில். பாடம் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. என் வகுப்பைப் பார்ப்பவர் தமிழ் ஆசிரியை. கணக்கு தெரியாதவர் என்பதால், எந்த இடத்தில் பிள்ளைகளோடு சேர்ந்து தானும் தொலைந்துபோனார் என்று அவரால் சரியாகச் சொல்ல முடிகிறது.